மாடல்களை இணைப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: சார், ஸ்வாட் (ஆற்றுப்படுகையின் நீரோட்டத்தைக் கணக்கிடும் மாடல்), மோட்ஃப்ளோ (நிலத்தடி நீர் மாடல்) ரெண்டையும் இணைக்கணும். ஒரே சர்வரில் போட்டால் போதுமா?

பதில்: ஒரே வீட்டில் இருந்தால் பேசிக்கொள்வார்களா என்ன? ஸ்வாட் ஒரே மண், ஒரே நிலப்பயன்பாடு, ஒரே சரிவு உள்ள துண்டுகளை எல்லாம் சேர்த்து ஒரு எச்ஆர்யு (கணக்கிடும் அலகு) ஆக்கிவிடும். சப்-பேசினுக்குள் (ஆற்றுப்படுகையின் உட்பிரிவுக்குள்) அவை எங்கே கிடக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. மோட்ஃப்ளோவுக்கோ ஒவ்வொரு செல்லும் (கட்டமும்) எங்கே என்பதுதான் உயிர். எனவே எச்ஆர்யுக்களை வரைபடத்தில் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு எந்த செல்லில் எவ்வளவு விழுகிறது என்று பரப்பு விகிதம் போடுங்கள்.

அடுத்தது அலகு. ஸ்வாட் ரீசார்ஜை (நிலத்தடிக்கு இறங்கும் நீரை) மில்லிமீட்டரில் தரும். உங்கள் மோட்ஃப்ளோ மீட்டரில் ஓடும்போது நீங்கள் மாற்றாமல் விட்டால் ஆயிரம் மடங்கு தண்ணீர். எரர் வராமலே போகலாம், படமும் அழகாக வரும். அலகைப் பாருங்கள்.

கேள்வி: பிஎம்ஐ (பேசிக் மாடல் இன்டர்ஃபேஸ்) எதற்கு?

பதில்: கொலராடோ பல்கலைக்கழகத்தின் சிஎஸ்டிஎம்எஸ் (பூமியின் மேற்பரப்பு மாடல்களுக்கான அமைப்பு) வகுத்த இடைமுகம். மாடலுக்குள் பூட்டிக் கிடக்கும் டைம் லூப்பை உடைத்து தொடங்கு, ஒரு படி நகர், முடி என்று வெளியிலிருந்து அழைக்க வைக்கிறது. அலகைக் கேட்கவும் ஓர் அழைப்பு உண்டு. அதைச் சும்மா நிரப்பாதீர்கள், சரியான அலகை எழுதுங்கள்.

கேள்வி: மாடலின் ஃபோர்ட்ரான் கோடை பைத்தானில் திருப்பி எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். மேலே ஒரு ராப்பர் (பழைய கோடை வெளியிலிருந்து அழைக்கும் உறை) போடுங்கள்.

கேள்வி: டாக்கரில் (மென்பொருளைப் பெட்டியாகக் கட்டி ஓட்டும் கருவியில்) போட்டால் இணைந்துவிடுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். டாக்கருக்கு மில்லிமீட்டரும் தெரியாது, மீட்டரும் தெரியாது.

கேள்வி: ஹாட்கெம்2 என்ற காலநிலை மாடலின் மழையை ஆற்று மாடலுக்குக் கொடுத்தேன், பிப்ரவரி 30இல் நின்றது. அந்த நாளை நீக்கிவிட்டேன்.

பதில்: ஐயோ. அந்த மாடலில் ஆண்டுக்கு 360 நாள், எல்லா மாதமும் 30 நாள். நெட்சிடிஎஃப் (காலநிலைத் தரவு வடிவம்) கோப்பில் நேர மாறியின் காலண்டர் வரியிலேயே எழுதியிருக்கும். நீக்கிய நாளின் மழை எங்கே? 31ஆம் தேதிகளுக்கு என்ன செய்தீர்கள்?

இன்னொருவர்: விடுபட்ட நாட்களை ஆண்டு முழுக்கப் பரப்பி, பூஜ்ய மழை வைத்தால் கணக்கு சரியாகிவிடுமே?

பதில்: மொத்தம் சரியாகவே இருக்கும். ஆனால் தொடர்மழை நடுவில் அறுந்து வெள்ள உச்சம் குறையலாம். முந்தைய நாளைக் காப்பியடித்தால் மொத்தம் மாறிவிடும்.

அதே நபர்: அப்போ ஆற்று மாடலையே 360 நாளில் ஓட்டுவோம்!

பதில்: மாதச் சராசரி மட்டும் போதுமென்றால் தாராளமாக. அணைத் திறப்பைத் தேதிவாரியாகக் கொடுக்கிறீர்கள் என்றால் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: டாக்கர்...

பதில்: மேலே.

கேள்வி: கிட்ஹப்பில் ஒரு மாடல் கிடக்கிறது, லைசென்ஸ் இல்லை. எடுத்து மாற்றி வெளியிடலாமா?

பதில்: கூடாது. எழுதியவரிடம் மெயிலில் கேளுங்கள்.