கூடத்தில் இசை, சுவரில் திரை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாலையில் விளக்கேற்றிய பிறகு இரண்டு மணி நேரம் கச்சேரிப் பதிவுகளைக் கேட்பதுதான் எனக்கு ஓய்வு. பழைய தொலைக்காட்சிப் பெட்டி பழுதாகிவிட்டது. புதிதாக வாங்குவதென்றால் 55 அங்குலத்துக்குக் குறைந்து வாங்கவே கூடாது என்கிறான் மகன். எங்கள் கூடம் 10 அடிக்கு 12 அடிதான். எதை வாங்கலாம்?
— கும்பகோணம் வாசகி

பதில்: அம்மா, உங்கள் கேள்வி திரையைப் பற்றியது. ஆனால் நீங்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் கேட்கத்தான் போகிறீர்கள் என்பதால் ஒலியிலிருந்தே தொடங்குகிறேன்.

இன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகள் சுவரில் மாட்டிய படம்போல மெலிந்துவிட்டன. ஸ்பீக்கரிலிருந்து கனமான, ஆழமான ஒலி வரவேண்டுமானால் அதன் பின்னால் காற்று அடைபட்டிருக்கும் ஒரு கூடு வேண்டும். அந்தக் கூட்டுக்கு இப்போது இடமே இல்லாததால், விரல் நீளச் சிறு ஸ்பீக்கர்களைத் திரையின் அடி விளிம்பில் தரையைப் பார்த்தோ, பின்புறம் சுவரைப் பார்த்தோ பொருத்திவிடுகிறார்கள். செய்தி வாசிப்பவரின் குரலுக்கு அது போதும், கச்சேரிக்குப் போதாது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை ‘டக்கு டக்கு’ என்று கேட்கும், இடப்பக்கமான தொப்பியின் ஆழ்ந்த கும்காரம் காணாமல் போய்விடும். ஒரு கருவியின் தரத்தை அறிய நான் எப்போதும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. நன்கு பழகிய ஓர் ஆலாபனையை ஓடவிட்டு, பாடுபவர் மூச்சு வாங்கும் அந்த ஒரு நொடி இடைவெளியில் தம்புராவின் நாதம் அறுபடாமல் தொடர்கிறதா என்று மட்டும் கவனிப்பேன். தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரில் அந்த இடைவெளி பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும்.

இனித் திரை. மகன் சொல்வது கணக்குப்படி தவறில்லை. திரையை மூலைக்கு மூலை அளந்தால் வரும் நீளத்தைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தொலைவில் உட்கார்ந்து பார்ப்பது திரைப்படத்துக்கு ஏற்றது. 55 அங்குலத்துக்கு அது சுமார் 7 அடி, 43 அங்குலத்துக்குச் சுமார் ஐந்தரை அடி. உங்கள் கூடத்தின் 10 அடி அகலத்தில் நாற்காலியைச் சுவரோரம் போட்டால், உங்கள் கண்ணுக்கும் எதிர்ச்சுவரில் உள்ள திரைக்கும் இடையே ஏழு, ஏழரை அடி இருக்கும். மிகத் துல்லியமான 4கே தரத்தில் படம் பார்ப்பவருக்கு அந்த இடத்தில் 55 அங்குலம் பொருந்தும். ஆனால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் செட்டாப் பாக்ஸ் வழியாக வரும் சாதாரணச் சேனல்களாக இருந்தால், அவற்றில் மேலிருந்து கீழாக 576 கோடுகளே உண்டு. 4கே திரையிலோ 2160 வரிசைகள். நாலு மடங்குக்குச் சற்றே குறைவாக இழுத்து நிரப்ப வேண்டியிருப்பதால், திரை பெரிதாகப் பெரிதாக முகங்கள் மசமசவென்று தெரியும். அதே தொலைவில் 43 அங்குலத்தில் இந்தக் குறை கண்ணை உறுத்தாது.

ஆகவே என் யோசனை இது: 55 அங்குலத்துக்கு ஒதுக்கிய தொகையில் 43 அங்குலப் பெட்டி ஒன்றை வாங்கிவிட்டு, மிச்சத்தில் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அடங்கிய ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்குங்கள். 43 அங்குலப் பெட்டியின் அகலம் மூன்றடியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 12 அடிச் சுவரில் அதை நடுவில் வைத்தால், இரு பக்கமும் ஸ்பீக்கர்களை ஒன்றுக்கொன்று ஆறு, ஏழு அடி இடைவெளியில் வைக்கத் தாராளமாக இடமிருக்கும். இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்கள் உட்காரும் நாற்காலியும் சம பக்க முக்கோணமாக அமையட்டும். ஸ்பீக்கரின் மேல்பகுதியில் இருக்கும் சிறிய வட்டம் உங்கள் காதின் உயரத்தில் இருக்க வேண்டும். சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் அளவாவது முன்னால் தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் தொப்பி ஒலி தேவைக்கு மேல் உப்பிவிடும்.

வாங்குமுன் கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒருமுறை பலமாகக் கையைத் தட்டிப் பாருங்கள். ‘டங்’கென்று ஒரு வால் நீண்டு கேட்டால், மொசைக் தரையும் வெறும் சுவர்களும் ஒலியைப் பந்துபோல் திருப்பி அடிக்கின்றன என்று பொருள். நாற்காலிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்து, சன்னலுக்குக் கனத்த திரைச்சீலை போட்டுவிட்டு மறுபடியும் தட்டுங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரும் இந்த வேலையைச் செய்து தராது.

கடையில் ஒன்றை மறக்காமல் கேளுங்கள். தொலைக்காட்சியின் ஒலியைக் கம்பி வழியே வாங்கிக்கொள்ள, ஸ்பீக்கரில் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. அல்லது ஆப்டிகல் இணைப்பு இருக்க வேண்டும். புளூடூத் மட்டும் உள்ளதை வாங்கினால் பாட்டை மட்டும் கேட்கும்போது குறை தெரியாது. கச்சேரியைப் படத்தோடு பார்க்கும்போதுதான் மிருதங்கக்காரரின் கை விழுந்த பிறகு ஒலி வந்து சேரும், அது உங்களைப் போன்ற ரசிகருக்குத் தாங்காது. இன்னொன்று: பல பெட்டிகளில் படத்தை மட்டும் அணைத்துவிட்டு ஒலியைத் தொடரவிடும் வசதி அமைப்புப் பட்டியலில் இருக்கிறது. விளக்கைத் தணித்து, திரையையும் அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கடையில் பார்த்தபோது கண்ணைப் பறித்த படம், வீட்டுக்கு வந்ததும் முகமெல்லாம் சிவந்து, பழைய திரைப்படங்கள்கூடச் சீரியல்போலத் தெரிகின்றன. பெட்டியில் குறையா?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: பெரும்பாலும் குறை பெட்டியில் இல்லை, அமைப்பில்தான். குழல்விளக்குகள் எரியும் கடையில் பத்துப் பெட்டிகளுக்கு நடுவே கண்ணில் படவேண்டும் என்பதற்காக நிறத்தையும் வெளிச்சத்தையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். ‘விவிட்’ என்ற பெயரில் இருக்கும் அந்த அமைப்பை மாற்றி ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதலில் படம் மஞ்சள் பூத்தாற்போலத் தோன்றும், அதைப் பார்த்து உடனே பழையபடி மாற்றிவிடாதீர்கள். இரண்டு, மூன்று நாளில் கண் பழகிவிடும், அப்புறம் பழைய அமைப்பைப் பார்த்தால் நீலம் கொட்டிக் கிடப்பது தெரியும்.

சீரியல்போலத் தெரிவதற்குக் காரணம் வேறு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக, அதாவது தனித்தனி அசையாப் படங்களாக, எடுக்கப்படுகிறது. உங்கள் பெட்டி அவற்றுக்கு இடையே தானாகச் சில சட்டங்களைக் கற்பனையாக உருவாக்கிச் செருகி, அசைவை வழவழப்பாக்குகிறது. கிரிக்கெட் பந்தைத் தொடர்ந்து பார்க்க அது உதவலாம், ஆனால் ஒரு நல்ல ஒளிப்பதிவாளரின் உழைப்பை அது கெடுக்கிறது என்பதே என் உறுதியான கருத்து. அமைப்புப் பட்டியலில் ‘மோஷன்’ என்ற சொல்லோடு வரும் வசதியைத் தேடி அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஓஎல்இடி, கியூஎல்இடி இரண்டில் எது? என் மாமனார் காலை ஆறு மணிக்குப் போடும் செய்திச் சேனலை இரவு உணவுக்குத்தான் நிறுத்துவார்.
— மதுரை வாசகி

பதில்: உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, கருப்பு வேண்டிய இடத்தில் முற்றிலும் அணைந்துவிடுகிறது. அதனால் இரவுக் காட்சிகளில் அதன் அழகுக்கு ஈடு கிடையாது. ஆனால் அந்தப் புள்ளிகள் ஒளிர ஒளிரத் தேய்கின்றன. சேனலின் முத்திரையும் அடியில் ஓடும் செய்திப் பட்டையும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்தால், அந்த இடம் மட்டும் தேய்ந்து நிழலாகத் தங்கிவிடும் வாய்ப்பு உண்டு. கியூஎல்இடி என்பது பின்னாலிருந்து விளக்கொளி வீசும் எல்சிடி வகையே. நிறத்தைத் துலக்கும் நுண்துகள் படலம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். இந்தத் தேய்மானக் கவலை அதற்கு இல்லை. பகல் வெளிச்சம் நிறைந்த கூடத்துக்கும் அதுவே ஏற்றது. மாமனாரின் செய்திக்குத் தடை வேண்டாம், கியூஎல்இடியையே வாங்குங்கள்.

கேள்வி: அப்பாவின் ஆம்ப்ளிஃபயர், இரண்டு பெரிய ஸ்பீக்கர், கேசட் டெக், நூற்றுக்கும் மேற்பட்ட கேசட்டுகள் எல்லாம் பரணில் இருக்கின்றன. புதிய தொலைக்காட்சியோடு சவுண்ட்பார் வாங்கப் போகிறோம். பழையதை எடைக்குப் போட்டுவிடலாமா?
— கோவை வாசகர்

பதில்: தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். சவுண்ட்பார் வாங்கும் முடிவையும் ஒரு மாதம் தள்ளிவையுங்கள். நல்ல நிலையில் உள்ள பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டு தரும் நிறைவை, மூன்றடி நீளக் குழாய்போன்ற ஒரு பெட்டி தருவது கடினம். முதலில் ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். நம் ஊர் வெப்பத்தில் நுரைப்பஞ்சு வளையம் பிஸ்கட்போல உதிரும். உதிர்ந்திருந்தாலும் பரவாயில்லை, வளையத்தை மட்டும் மாற்றித் தருகிற பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் வளையமாக இருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

புதிய தொலைக்காட்சியின் ஆப்டிகல் துளையிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபயருக்கு இணைக்க, டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்று போதும். இணைத்த பிறகு சத்தமே வரவில்லை என்று பலர் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டை ‘பிசிஎம்’ என்று மாற்றினால் அனேகமாக வந்துவிடும்.

கேசட் டெக்கின் உள்ளே உள்ள ரப்பர் பெல்ட் இத்தனை ஆண்டுகளில் தளர்ந்தோ பிசுபிசுத்தோ போயிருக்கும். அதை மாற்றாமல் அப்பாவின் கேசட் எதையும் உள்ளே வைக்காதீர்கள், நாடாவைச் சுருட்டி மென்றுவிடும். நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பிறகு இழந்தாலும் கவலையில்லாத ஒரு கேசட்டை முதலில் ஓட்டிப் பாருங்கள். பூஞ்சை வெண்புள்ளியாகப் படிந்த கேசட்டுகளைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், ஒன்றிலிருந்து ஹெட் வழியாக மற்றதற்குப் பரவும். கடையில் வாங்கிய பாட்டுக் கேசட்டுகளுக்கு அவசரமில்லை. அப்பா தன் கையால் பெயர் எழுதி வைத்தவை, வானொலியிலிருந்து பதிந்தவை, வீட்டு விசேஷங்களில் பதிந்தவை ஆகியவற்றைத்தான் முதலில் கணினியில் ஏற்ற வேண்டும். அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.

கேள்வி: வரி குறைந்ததால் தொலைக்காட்சி விலை இறங்கியது என்கிறார்களே, எல்லாப் பெட்டிக்குமா?
— மயிலாடுதுறை வாசகர்

பதில்: இல்லை. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமானது. 32 அங்குலம் வரையுள்ளவற்றுக்கு முன்பே 18 சதவீதம்தான்.

கேள்வி: திரையைச் சுவரில் எவ்வளவு உயரத்தில் மாட்டுவது?
— நாகர்கோவில் வாசகி

பதில்: நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் உங்கள் கண் இருக்கும் உயரமே திரையின் நடுப்பகுதியின் உயரம். பெரும்பாலான வீடுகளில் அது தரையிலிருந்து மூன்றரை அடிக்குள் வரும். மாட்ட வருபவர்கள் நின்றபடி அளவெடுப்பதால் உயரத்தில் துளையிட்டுவிடுகிறார்கள். என் வீட்டிலும் அப்படித்தான் ஐந்தடிக்கு மேலே மாட்டினார்கள். பார்க்க எடுப்பாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன், ஒரே மாதத்தில் கழுத்து வலி வந்து, பழைய துளைகளைப் பூசிவிட்டுக் கீழே இறக்கினோம். துளையிடுமுன் செய்தித்தாளைத் திரையின் அளவுக்கு ஒட்டிச் சுவரில் பதித்து, ஒரு மாலை முழுவதும் அதன் எதிரே உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: இரவு பத்து மணிக்கு மேல்தான் எனக்குப் பாட்டுக் கேட்க நேரம் கிடைக்கிறது. வீட்டில் எல்லோரும் தூங்குவதால் ஹெட்போனில் கேட்கிறேன். காது கெடுமா?
— சேலம் வாசகர்

பதில்: எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறைகிறது. 83 டெசிபலில் 20 மணி நேரம், 86 டெசிபலில் 10 மணி நேரம் என்று கணக்கு இறங்கும். பல கைபேசிகளில் ஹெட்போனின் சத்த அளவைக் காட்டும் வசதி உள்ளது, இன்றிரவே பார்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறியின் இரைச்சலை மீறிக் கேட்பதற்காகத்தான் இரவில் பலர் சத்தத்தை ஏற்றுகிறார்கள். விசிறியை இரண்டு புள்ளி குறைத்துவிட்டு, காதை முழுவதும் மூடும் மெத்தை வைத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டால், இப்போது வைக்கும் அளவுக்குச் சத்தம் உங்களுக்குத் தேவைப்படாது.