லண்டனுக்கு மெயில் போட்டீர்கள், அத்தை வீட்டுக்குப் போனீர்களா?

கேள்வி: என் தாத்தா முனுசாமி இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்து பர்மாவில் இறந்தவர். ஊர் ஆரணிப் பக்கம். 1944 வாக்கில் தந்தி வந்தது என்பார்கள். அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. லண்டனுக்கு மெயில் அனுப்பினேன், ஒரு இணையதளத்துக்குப் பணமும் கட்டினேன், பலன் இல்லை. பாட்டிக்கு பென்ஷன் வந்துகொண்டிருந்தது. கடைசிக் காலத்தில் அவரை அத்தைதான் வைத்துப் பார்த்துக்கொண்டார், பாட்டியின் பெட்டி எல்லாம் அங்கேதான் போயிற்று. 1978-ல் பாட்டி இறந்தார். உயில் எதுவும் இல்லை. பாட்டி பெயரில் இருந்த நிலத்தை 2009-ல் விற்கப் போனபோது அத்தை கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அப்பாவும் காலமாகிவிட்டார். தாத்தாவின் ரெஜிமெண்ட் எது, அவரை எங்கே புதைத்தார்கள் என்று கண்டுபிடித்து என் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போக ஆசை. வழி சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், சென்னை

பதில்: உங்கள் கடிதத்தில் தாத்தாவின் பெயர் இருக்கிறது. பாட்டியின் பெயர் இல்லை. அத்தையின் பெயரும் இல்லை. தேடல் எங்கே முட்டி நிற்கிறது என்று கேட்டால், அங்கேதான்.

"பெட்டி எல்லாம் அங்கேதான் போயிற்று" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் நிலத்துக்குத் தாவிவிட்டீர்கள். அந்தப் பெட்டியில் என்ன இருந்திருக்கும் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? படைவீரரின் விதவைக்கு பென்ஷன் சும்மா வராது. அதற்கென்று ஓர் உத்தரவுக் காகிதம் உண்டு. இறந்தவரின் ராணுவ எண், பதவி, படைப்பிரிவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே, எழுதத் தெரியாத பெண்ணாக இருந்தால், பெருவிரல் ரேகை. இந்த மாதிரிக் காகிதங்களைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணப் புடவைக்குக் கீழே வைத்திருப்பார்கள். மடித்த இடமெல்லாம் கிழிந்திருக்கும். ஆனால் எண் படிக்க முடியும்.

உங்களுக்குத் தேவையானது அந்த எண்தான். அது லண்டனில் இல்லை. இந்தியச் சிப்பாய்களின் தனித்தனி சேவை ஏடுகள் அந்தந்தப் படைப்பிரிவிடமே இருந்தன. 1947-க்குப் பிறகு அவை இந்திய, பாகிஸ்தான் ராணுவங்களிடம் தங்கிவிட்டன. நீங்கள் எத்தனை மெயில் போட்டாலும் லண்டனிலிருந்து உங்கள் தாத்தாவின் ஏடு வராது. அந்தப் பெட்டியோ ஆரணிப் பக்கம் ஒரு வீட்டுப் பரணில் இருக்கிறது. இந்தக் கேள்வி மாதாமாதம் வருகிறது, கிட்டத்தட்ட எல்லாக் கடிதத்திலும் இப்படி ஒரு வீடு இருக்கும். கடல் தாண்டித் தேடியிருப்பார்கள், அந்த வீட்டு வாசலை மட்டும் மிதித்திருக்க மாட்டார்கள்.

அத்தை கையெழுத்துப் போட மறுத்தார் என்று புகார் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நிலம் பாட்டி பெயரில் இருந்தது, அவர் உயில் எழுதாமல் 1978-ல் இறந்தார். 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு. உங்கள் அப்பாவுக்குப் பாதி, அத்தைக்குப் பாதி. தன் பாதியைச் சும்மா எழுதிக்கொடுக்க மாட்டேன் என்று அவர் சொன்னதில் என்ன தப்பு? தாயைக் கடைசிவரை வைத்துக் கஞ்சி ஊற்றியவரும் அவரே என்று நீங்களே எழுதுகிறீர்கள். பார்த்துக்கொள்வதற்கு மகள், பங்கு போடும்போது மட்டும் அவர் வேறு வீட்டுப் பெண் என்ற நியாயத்தை நான் எந்தக் காலத்திலும் ஏற்றுக்கொண்டதில்லை. உங்களுக்காக இப்போது ஏற்கவும் மாட்டேன். இன்னொன்று கேட்கிறேன். இளம் விதவையாக இரண்டு பிள்ளைகளோடு நின்றவருக்கு அந்த நிலம் எந்தப் பணத்தில் வந்தது? தாத்தாவின் சம்பளப் பாக்கியிலா, பென்ஷனில் மிச்சம் பிடித்தா? அதுவும் அத்தைக்குத்தான் தெரிந்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1944-ல் தந்தி வந்தது என்றால் அத்தைக்கு இப்போது எண்பதுக்கு மேல். அப்பா முகம் நினைவில் இருக்க வாய்ப்பில்லை. நீங்கள் தேடும் சிப்பாய் உங்களுக்குத் தாத்தா, அவருக்கோ அப்பா. உயிரோடு இருக்கும் ஒரே பிள்ளை அவர்தான். உங்கள் பிள்ளைகளை ரங்கூனுக்கு அழைத்துப் போகும் யோசனையில் அவருக்கு இடமே இல்லையே.

சரி, தேடலுக்கு வருவோம். இதிலும் அத்தையை விட்டால் வழியில்லை.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே பெயர் தேடலாம். இரண்டாம் போரில் பிரிக்கப்படாத இந்தியாவின் படைவீரர்கள் சுமார் 87,000 பேர் இறந்தார்கள். முனுசாமி என்று தேடினால் ஒரு பட்டியலே வரும். முனிசாமி, முனுஸ்வாமி, முன்னுசாமி என்று அந்தக் காலத்து குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். இனிஷியலும் இருக்காது. இதில் உங்கள் தாத்தா யார் என்று எப்படிப் பிரிப்பீர்கள்? பல பதிவுகளில் பெயருக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக உண்டு. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர் என்று. கணவர் என்ற இடத்தில் வருவது உங்கள் பாட்டியின் பெயர். அதைத்தான் நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. கூப்பிட்ட பெயர் வேறு, பென்ஷன் காகிதத்தில் பதிந்த பெயர் வேறாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல உங்கள் குடும்பத்தில் ஒருவர்தான் மிச்சம்.

ஊரைத் தேடும்போது திருவண்ணாமலை மாவட்டம் என்று போடாதீர்கள். அன்றைக்கு எல்லாம் வட ஆற்காடு. ஆரணி, போளூர், செய்யாறு, குடியாத்தம் எல்லாம் அதற்குள்தான். 1989-ல்தான் மாவட்டம் பிரிந்தது.

பர்மா என்று குடும்பத்தில் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கிழக்கே கப்பலேறியவர் எங்கே இறந்தாலும் ஊரில் பர்மா என்றுதான் பேசினார்கள். 1944 மார்ச்சிலிருந்து ஜூலைவரை இம்பாலிலும் கோஹிமாவிலும் நடந்த சண்டையில் இறந்திருக்கலாம், அது பர்மா இல்லை, நம் எல்லைக்குள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டு, காணாமல் போனவராகி, செய்தி தாமதமாக வந்திருக்கவும் கூடும். போருக்குப் பிறகும் பாட்டிக்கு பென்ஷன் வந்தது என்பதை வைத்து ஒன்று ஊகிக்கலாம். அவர் பிரிட்டிஷ் இந்தியப் படையின் கணக்கில்தான் இறந்தார், நேதாஜியின் படைக்குப் போய்விட்டவராகப் பதிவாகவில்லை. (இந்தச் சந்தேகம் பல வீடுகளில் உண்டு, அதனால் சொல்கிறேன்.)

புதைத்த இடம் கேட்டீர்கள். இந்துச் சிப்பாய்க்குக் கல்லறை இருக்கும் என்று நினைக்காதீர்கள். உடல் கிடைத்திருந்தால் எரித்திருப்பார்கள், இம்பால் தகன நினைவிடத்தில் அப்படி 868 பேர் பெயர் இருக்கிறது. உடல் கிடைக்காதவர்களுக்கு யாங்கோனுக்கு வடக்கே தௌக்கியான் என்ற இடத்தில் ரங்கூன் நினைவுச்சின்னம். கிட்டத்தட்ட 27,000 பெயர்களை அங்கே தூண்களில் பொறித்திருக்கிறார்கள். மலேயா, சிங்கப்பூர் பக்கம் என்றால் சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கு மேல். சண்டை நடக்காத பகுதியில் இறந்தவர்களுக்கு டெல்லி, கராச்சி நினைவிடங்கள், அந்தக் கணக்கில் 25,000-க்கும் அதிகமானவர்கள். எந்த இடம் என்று தெரியாமல் பிள்ளைகளுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

அத்தையிடம் கேட்க வேண்டியவை சில. தாத்தாவுக்குப் படையல் எந்த நாளில் போட்டார்கள்? ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை என்று பொதுவாகச் செய்திருந்தால் இறந்த நாள் அவர்களுக்கே தெரியாது என்று அர்த்தம், காணாமல் போனவராக இருக்க வாய்ப்பு அதிகம். தனியாக ஒரு திதி வைத்திருந்தால் அந்த மாதத்தை வைத்தே பதிவுகளைச் சலித்துவிடலாம். பாட்டி தாலியைக் கழற்றியது எப்போது, தந்தி வந்தவுடனா, வருடங்கள் கழித்தா? தாத்தா லாரி ஓட்டினார், பாலம் கட்டினார், சாலை போட்டார் என்று பாட்டி ஏதாவது சொல்லியிருக்கிறாரா? துப்பாக்கி பிடித்தவர்கள் மட்டும் சிப்பாய் இல்லை. நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் சாப்பர் (ராணுவப் பொறியியல்), பயனியர் (உடலுழைப்பு வேலை), சப்ளை லாரிப் பிரிவுகளில்தான் போனார்கள். சாப்பர் என்றால் பெங்களூரு மெட்ராஸ் என்ஜினியர் குரூப்புக்கு எழுத வேண்டும். பயனியர், சப்ளை என்றாலும் பெங்களூருதான். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். எண்ணும் பதவியும் படைப்பிரிவும் கையில் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலேயே கடிதம் எழுத உதவி கேட்கலாம். வெறும் பெயரோடு போனால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அத்தை வீட்டில் போய் உட்காராதீர்கள். பெட்டியை இறக்கு என்று முதல் நாளே கேட்டால், நிலத்துக்கு வந்தவன் இப்போது காகிதத்துக்கு வந்திருக்கிறான் என்றுதான் அவர் நினைப்பார். நினைத்தால் நியாயம்தான். முதலில் மன்னிப்புக் கேளுங்கள். அப்பா செய்ததற்கு நான் ஏன் கேட்க வேண்டும் என்று யோசிப்பீர்கள். அப்பாவின் பங்கு நிலம் உங்களுக்கு வரும் என்றால் அப்பாவின் தப்பும் உங்களுக்குத்தான் வரும். அடுத்து, நிலத்தில் அவருடைய பாதியை அளந்து அவர் பெயருக்குப் பட்டா மாற்றித் தர என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். பெட்டி கிடைப்பதற்கு விலையாக அல்ல, பெட்டி இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியது அது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தாத்தா இறந்த இடத்தைக் காட்டும் முன் அவருடைய மகளைக் காட்டுங்கள்.

காகிதத்தை அவர் எடுத்துக் கொடுத்தால் அங்கேயே போட்டோ எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஃபிரேம் போட்டுச் சென்னை வீட்டு ஹாலில் மாட்டுகிறேன் என்று வாங்கிவராதீர்கள், அது அவர் பத்திரப்படுத்திய சொத்து. கரையான் தின்று காகிதமே மிஞ்சவில்லை என்று அவர் சொன்னாலும் பாட்டியின் பெயரும் திதியும் கிடைக்கும், ஆணையத்தின் பட்டியலைச் சலிக்க அது போதும். பதிவில் தாத்தாவின் பெயர் அகப்பட்டால் அத்தைக்கு முதலில் போன் செய்து சொல்லுங்கள். அவருக்குப் பயணம் செய்ய உடம்பு தாங்கும் என்றால் அவருக்கும் சேர்த்து பாஸ்போர்ட் எடுங்கள், செலவு உங்களுடையது.

இதெல்லாம் செய்த பிறகும் எங்காவது சிக்கினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், எந்த ஆவணப் பிரிவுக்கு என்ன வாசகத்தில் விண்ணப்பம் போடலாம் என்று சொல்கிறேன். அந்தக் கடிதத்தின் முதல் வரியில் பாட்டியின் பெயரும் அத்தையின் பெயரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதில் போட மாட்டேன்.