ரேக் சர்வரில் மெமரி பிழை காட்டுகிறது, நானே மாற்றலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 2யூ உயரமுள்ள ரேக் சர்வர் ஒன்று இருக்கிறது. ஒரு வாரமாக முகப்பில் ஆரஞ்சு விளக்கு எரிகிறது. சர்வரின் நிகழ்வுப் பதிவில் ஒரு மெமரி ஸ்லாட்டின் பெயரும், திருத்தக்கூடிய பிழைகள் வரம்பைத் தாண்டிவிட்டன என்ற எச்சரிக்கையும் வருகின்றன. வாரண்டி முடிந்துவிட்டது. புது மெமரி வாங்கி நானே மாற்றலாமா? எவ்வளவு நேரம் சர்வரை நிறுத்த வேண்டியிருக்கும்?

பதில்:

மாற்றலாம். மேசைக் கணினியில் ஒருமுறையாவது ராம் மாற்றியிருக்கிறீர்கள் என்றால் தாராளமாக மாற்றலாம். ஆனால் காசு கொடுத்து வாங்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். உங்களுக்குப் புது மெமரி தேவைதானா என்பதே இன்னும் உறுதியாகவில்லை.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் பல ஆண்டுகளாகக் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் சர்வரிலும் இதே எச்சரிக்கை வந்தது. பி4 என்ற ஸ்லாட். உடனே 32 ஜிபி மெமரி ஒன்றை வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை மாற்றினேன். விளக்கு அணைந்தது. ஒன்பதாம் நாள் மறுபடியும் எரிந்தது, மறுபடியும் பி4. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்தேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "பி4-இல் இருந்ததைக் கழற்றி வேறு ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தீர்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பி4-இல் இருந்ததையும் ஏ4-இல் இருந்ததையும் இடம் மாற்றினேன். நான்கு நாளில் பிழை வந்தது, அதே பி4-இல். அப்படியானால் கோளாறு மெமரியில் இல்லை, ஸ்லாட்டில். மறுபடி திறந்து, மெமரியைக் கழற்றி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது: ஸ்லாட்டின் பள்ளத்துக்குள், தொடுமுனைகளின் மேல் குறுக்கே ஒரு பஞ்சு இழை. நகத்தின் பாதி நீளம்கூட இருக்காது. மேலிருந்து பார்த்தால் நிழலோடு நிழலாகப் போய்விடும். பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்து, கையால் அழுத்தும் காற்றுப் பந்தால் ஊதி, மெமரியைத் திரும்பப் பொருத்தினேன். அந்தச் சர்வர் ஓய்வு பெறும் வரை பி4 என்ற பெயர் பதிவில் திரும்ப வரவில்லை. முதலில் பழுது என்று கழற்றி வைத்த மெமரியை இரவு முழுவதும் சோதித்தேன்; ஒரு பிழைகூட இல்லை. ஆலையின் பணத்தைத் தேவையில்லாமல் செலவழித்துவிட்டேன் என்ற வருத்தம் நெடுநாள் இருந்தது. உங்களுக்கு இதை இவ்வளவு விரிவாக எழுதுவதும் அதனால்தான்.

ஆரஞ்சு விளக்கைக் கண்டு பதறவும் வேண்டாம். டிடிஆர்4 தலைமுறைச் சர்வர் மெமரியில் ஒவ்வொரு 64 பிட் தரவோடும் 8 பிட் காவலுக்கு நிற்கிறது. ஒரு பிட் புரண்டால் அந்தக் காவல் கண்டுபிடித்துத் திருத்திவிடும். நிரல்களுக்கு எதுவும் தெரியாது. இரண்டு பிட் ஒன்றாகப் புரண்டால் பிழை என்று கண்டுகொள்ளும், ஆனால் திருத்த முடியாமல் போகலாம்; அப்போது பெரும்பாலும் இயந்திரமே நின்றுவிடும். கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆண்டில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட மெமரிகள் திருத்தக்கூடிய பிழையைச் சந்தித்ததாகக் கண்டார்கள். ஆக, இது அபூர்வ நோய் இல்லை. உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் பதிவை முழுவதுமாகப் படியெடுத்து வையுங்கள். எத்தனை முறை, எந்த நேரங்களில், எப்போதும் ஒரே ஸ்லாட்தானா என்று பாருங்கள். பிறகு, திறப்பதற்கு முன் ஒருமுறை முறையாக மறுதொடக்கம் செய்யுங்கள். டிடிஆர்4 மெமரியில் பழுதான வரிசைக்குப் பதிலாக உள்ளேயே ஒதுக்கிவைத்த வேறொரு வரிசையை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. சில சர்வர்கள் தொடக்க நேரத்தில் அந்த வேலையைத் தாமே செய்துகொள்ளும். அதன் பிறகும் பிழை வந்தால்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

திறக்கும் நாளில் முதல் வேலை பேக்கப். எடுத்தால் போதாது, அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பாருங்கள். அடுத்து, சரியான பெட்டியைத்தான் தொடுகிறீர்களா என்று உறுதி செய்யுங்கள். ரேக்கின் பின்பக்கம் போனால் எல்லாச் சர்வரும் ஒன்றுபோலவே இருக்கும். அடையாள விளக்கு என்று நீல நிறத்தில் ஒன்று உண்டு; மேலாண்மைத் திரையிலிருந்து அதை எரியவிட்டு, பின்னால் போய்ப் பார்த்து, அந்தப் பெட்டியின் கேபிள்களில் லேபிள் ஒட்டிய பிறகு கழற்றுங்கள். இயங்குதளத்தை நிறுத்திவிட்டாலும் மதர்போர்டில் மின்சாரம் இருக்கும். ஆகவே இரண்டு பவர் சப்ளைகளின் வயர்களையும் உருவி, போர்டில் உள்ள சிறு விளக்குகள் அணையும் வரை காத்திருங்கள்.

சர்வரை அதன் பக்கவாட்டுச் சறுக்குச் சட்டத்தில் (ரெயில்) வெளியே இழுக்கும்போது ரேக்கிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு சர்வர் மட்டும் வெளியே இருக்கட்டும். ஒன்றுக்கு மேல் இழுத்தால் எடை முன்னால் வந்து ரேக்கே சாயலாம். முழுவதும் தூக்கி எடுக்க வேண்டுமென்றால் இருவர் தேவை. தனியாக முயலவே வேண்டாம்.

நிலைமின்சாரத்தைத் தடுக்கும் மணிக்கட்டுப் பட்டை கட்டி, அதன் கொக்கியைச் சர்வரின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள். நம் விரலில் சுரீர் என்று உணரும் நிலைமின்சாரம் ஏறக்குறைய 3,000 வோல்ட். அதில் ஒரு சிறு பங்கே சிப்பைக் கெடுக்கப் போதும். நாம் உணராமலேயே கெடுத்துவிடலாம் என்பதுதான் ஆபத்து. ஏசி ஓடும் வறண்ட அறையில் இது இன்னும் அதிகம்.

மூடியை எடுத்ததும் செயலிகளின் மேல் ஒரு பிளாஸ்டிக் கூரை தெரியும். காற்றை வழிநடத்த வைத்தது. நேராகத் தூக்கி எடுங்கள். செயலியின் வெப்பத்தை வாங்கும் உலோகத் தகடுகள் (ஹீட்சிங்க்) சூடாக இருக்கும். ஸ்லாட்டின் இரு முனைக் கொக்கிகளையும் வெளிப்பக்கம் அழுத்தினால் மெமரி தானாக எழும்பும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். கீழேயுள்ள பொன்னிறப் பற்களை விரலால் தொட வேண்டாம். திரும்பப் பொருத்தும்போது நடுவே உள்ள வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு கட்டைவிரல்களாலும் இரு முனைகளையும் ஒரே சீராக அழுத்துங்கள். கொக்கிகள் இரண்டும் டிக் என்று தாமாக மூட வேண்டும். மூடாத கொக்கியை விரலால் தள்ளி மூடாதீர்கள். மெமரி இன்னும் உள்ளே இறங்கவில்லை என்று பொருள்.

இப்படி, பிழை காட்டும் மெமரியையும் அதே அளவு, அதே வகையான இன்னொன்றையும் இடம் மாற்றிவிட்டு, இரண்டு ஸ்லாட்டையும் டார்ச் அடித்துப் பார்த்து ஊதி, மூடி, பழைய பதிவை அழித்துவிட்டு ஓடவிடுங்கள். பிழை மெமரியோடு புது இடத்துக்குப் போனால் புதிது வாங்குங்கள். பழைய ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டிலோ, செயலியின் சாக்கெட்டில் வளைந்த ஊசியிலோ கோளாறு இருக்கலாம். அந்த ஊசிகளை நிமிர்த்தும் வேலையை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது பழைய லேபிளைப் படம் எடுத்துப் போங்கள். 2ஆர்எக்ஸ்4 என்றிருந்தால் இரண்டு ரேங்க் (ஒன்றாக இயங்கும் சிப்களின் தொகுதி), ஒவ்வொரு சிப்பும் ஒரு நேரத்தில் 4 பிட் தரும். சர்வர் மெமரியின் இரு வகைகளான ஆர்டிம், எல்ஆர்டிம் இரண்டையும் ஒரே சர்வரில் கலக்க முடியாது. வேகம் குறைந்த ஒன்றைப் போட்டால் மற்ற மெமரிகளும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும்.

பிளாஸ்டிக் கூரையைத் திரும்ப வைக்காமல் மட்டும் இயக்காதீர்கள். காற்று செயலிமேல் போகாமல் சிதறிவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, மெமரியை மாற்றும் வேலை பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் நிர்வாகத்திடம் இரண்டு மணி நேரம் கேளுங்கள். சேவைகளை ஒழுங்காக நிறுத்தவும், மூடும் முன் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கவும், பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கிச் சோதிக்கவும் அது தேவைப்படும். மெமரி மாறியதை உணர்ந்த சர்வர் முதல் தொடக்கத்தில் எல்லா மெமரியையும் புதிதாக அளந்து பழகிக்கொள்ளும். அந்தச் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும், விசிறிகள் இரையும். என் முதல் அனுபவத்தில் அப்போது பொறுமையிழந்து பவர் பொத்தானை அழுத்தப் போனேன். நீங்கள் அழுத்தாதீர்கள், ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள்.