லோடு வண்டி பெயிண்ட்: கேட்டதும் சொன்னதும்

நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் வேலை பார்க்கிறேன். லாரி இல்லாத நாட்களில் பொலேரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா என்று எது வந்தாலும் வேலை ஓடும். பிக்கப் வைத்திருப்பவர்கள் பெயிண்ட் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். முகம் தெரிகிற பளபளப்பு வேண்டுமென்றால் நான் ஆள் இல்லை. பத்து வருஷம் லோடு அடிக்கிற வண்டி வெளுக்காமல், துருவேறாமல் இருக்க வழி சொல்லலாம்.

ஒட்டன்சத்திரம், காய்கறி லோடு: அண்ணே, சிவப்பு வண்டி, எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டிரைவர் தம்பி தினமும் காலையில் துடைத்துத்தான் எடுக்கிறான். ஆனாலும் வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். ஏன்?

அவன் தினமும் துடைப்பதால்தான் தம்பி. ராத்திரி படிந்த தூசியில் மண் இருக்கிறது, மண்ணில் மணல் இருக்கிறது. மணல் பெயிண்டைவிடக் கடினம். காய்ந்த துணியை வட்டமாகச் சுற்றித் துடைத்தால், அந்த மணலை வைத்தே தேய்த்த மாதிரி. அதிலும் பட்டறையில் கை துடைக்கிற காட்டன் வேஸ்ட் என்றால் இரும்புத் தூளும் சேர்ந்தே வரும்.

கம்பெனி பெயிண்ட் எவ்வளவு தடிமன் என்று தெரிந்தால் கை நடுங்கும். அடியில் பிரைமர், மேலே கலர், அதற்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட், எல்லாம் சேர்த்தே 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். நோட்டுத் தாள் ஒன்றே கிட்டத்தட்ட 100 மைக்ரான் இருக்கும். வெயிலைத் தாங்கும் மருந்து அந்தக் கிளியர் கோட்டில்தான் இருக்கிறது. அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டால் கீழே இருக்கிற கலர் தானாக வெளுக்கும்.

தினமும் முன் கண்ணாடி, சைடு மிரர், லைட், நம்பர் பிளேட் மட்டும் துடைத்தால் போதும். வாரம் ஒரு நாள் நிழலில் நிறுத்தி, முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து ஊற்றி மண்ணை இறக்க வேண்டும். அப்புறம் இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். கூரையில் ஆரம்பித்துக் கீழே வரணும். சக்கரத்துக்கும் கதவின் அடிப்பகுதிக்கும் தனித் துணி. கை நேராகப் போய் வரட்டும், சுற்ற வேண்டாம். கீறல் விழுந்தாலும் நேர்க்கோட்டுக் கீறல் கண்ணில் படாது.

ஈரோடு, ஜவுளி லோடு: ஷாம்பு விலை அதிகம். துணி சோப்புத்தூள், பாத்திரம் விளக்கும் லிக்விட் போடலாமா?

சோப்புத்தூள் வேண்டாம். அதில் சோடா இருக்கிறது, ரப்பர் பீடிங்கையும் அலுமினியத்தையும் கெடுக்கும். பாத்திர லிக்விட் பெயிண்டைத் தின்றுவிடாது, ஆனால் மேலே போட்ட வாக்ஸைக் குறைத்துவிடும். புதிதாக வாக்ஸ் போடுவதற்கு முந்தின நாள் மட்டும் அதில் கழுவுங்கள். ஷாம்பு பாட்டில் ஒன்று வாங்கினால் மாதக்கணக்கில் வரும். வாளிக்கு ஒன்றிரண்டு மூடிதான் போகிறது.

திருச்சி, ஸ்டாண்டு வண்டி: எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் டீசலில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு துடைக்கிறார்கள். வண்டி புதுசு மாதிரி மின்னுகிறது. நான் மட்டும் செய்யாமல் இருக்கிறேன். செய்யலாமா?

செய்யாமலே இருங்கள். மின்னுவது பெயிண்ட் இல்லை, மேலே நிற்கிற எண்ணெய். அரை மணி நேரம் ரோட்டில் ஓடினால் அத்தனை தூசியும் அதில் ஒட்டிக்கொள்ளும், மறுநாள் அதையே தேய்ப்பீர்கள். கதவு ரப்பரில் டீசல் ஊறினால் ரப்பர் உப்பி, கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். மண்ணெண்ணெய்க்கும் இதே கதைதான். தார் ஒட்டிய இடத்தில் மட்டும் சின்னத் துணியில் தொட்டு எடுத்துவிட்டு உடனே ஷாம்பு போட்டுக் கழுவலாம்.

தூத்துக்குடி, உப்பு லோடு: சார், மூன்று வருஷ வண்டி. மேலே பெயிண்ட் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவுக்கு அடியில், கேபின் பின்பக்கம், லோடு ஏற்றுகிற தொட்டியின் மடிப்பில் எல்லாம் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகத் தூக்குகிறது. கிள்ளினால் சிவப்புத் தூள் கொட்டுகிறது. இந்த வேலைக்கு இப்படித்தானா?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லணும்.

கொப்புளம் வந்தால் துரு உள்ளேயிருந்து வருகிறது என்று அர்த்தம். மேலே எத்தனை வாக்ஸ் போட்டாலும் நிற்காது. காய்ந்த உப்புத்தானே, கூட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீராகிவிடும். அளத்து உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசிய ஆரம்பிக்கும். கடலோர ஊரில் ராத்திரி அந்த ஈரம் சர்வசாதாரணம். பகலில் மடிப்பில் போய் உட்கார்ந்த பொடி ராத்திரி உப்புத்தண்ணீராகி, தகடு மேல் தகடு பற்றவைத்த இடுக்கெல்லாம் ஊறும். அங்கே கம்பெனி பெயிண்டே சரியாகப் போயிருக்காது.

முதல் வேலை, கதவைத் திறந்து அடி விளிம்பை உட்கார்ந்து பாருங்கள். விரல் நுனி நுழையாத அளவுக்குச் சின்ன ஓட்டைகள் இரண்டு மூன்று இருக்கும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேறுவதற்கு வைத்தது. முக்கால்வாசி வண்டியில் அது சேறும் உப்பும் சேர்ந்து அடைத்துக் கிடக்கும். ஊதுபத்திக் குச்சியோ, பிளாஸ்டிக் ஒயரோ விட்டுக் குத்தினால் பழுப்புத் தண்ணீர் கொட்டும், ஒரு டம்ளர்கூட வரும். அந்தத் தண்ணீர்தான் உங்கள் கதவைத் தின்றுகொண்டிருந்தது. இரும்புக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டையின் விளிம்புப் பெயிண்ட் போய்விடும். கேபினுக்கு அடியிலும் தொட்டி மூலைகளிலும் இதே மாதிரி ஓட்டைகள் உண்டு.

இரண்டாவது, லோடு இறக்கிய அன்றே நல்ல தண்ணீரில் தொட்டியையும் அடிப்பக்கத்தையும் அலச வேண்டும். மேல்பக்கம் நாலு நாள் அழுக்காகக் கிடந்தாலும் பரவாயில்லை, அடி முக்கியம். வாட்டர் சர்வீஸில் தண்ணீர் அடிக்கிற கன்னை ஒரு அடிக்கு மேல் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். பெயிண்ட் தூக்கிய விளிம்பில் கிட்டத்தில் அடித்தால் உரித்துக்கொண்டு போய்விடும்.

மூன்றாவது, தொட்டிக்கு மேல் இன்னொரு இரும்புத் தகடு போட்டு வெல்டிங் அடித்திருப்பீர்கள், உப்பு வண்டியில் பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கிறேன். இரண்டு தகட்டுக்கு நடுவே போகும் உப்புத்தண்ணீர் வெளியே வர வழியில்லை. வெல்டிங் சூட்டில் அடிப்பக்கப் பெயிண்டும் கருகியிருக்கும். அதற்குப் பதில் தூக்கிப்போட்டு எடுக்கிற தடிமனான ரப்பர் ஷீட் போடுங்கள், கழுவும்போது சுருட்டி வெளியே எடுக்கலாம். செலவு செய்ய முடிந்தால் பாலியூரியா ஸ்ப்ரே அடிக்கலாம். அது தகட்டோடு ஒட்டிக்கொள்வதால் நடுவில் தண்ணீர் போகாது. ஆனால் துருவை முழுசாக எடுத்த பிறகுதான் அடிக்கணும். துருமேல் அடித்தால் துருவை மூடி வளர்த்த கணக்கு.

இப்போது கொப்புளம் வந்த இடத்தில் பட்டி (பள்ளம் நிரப்புகிற பசை) வைத்து மேலே பெயிண்ட் அடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். பளிச்சென்ற தகடு தெரியும்வரை துருவை எடுத்து, எபாக்சி பிரைமர் அடித்து, அதற்கு மேல்தான் பட்டி. தகடு ஓட்டை விழுந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிப் புதுத் தகடு வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ராமேஸ்வரம், மீன் பெட்டி: பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடித்தால் துரு வராது என்கிறார்களே?

கொஞ்ச நாளைக்கு வராதுதான். ஆனால் சொட்டிக்கொண்டே இருக்கும், புஷ் ரப்பரை ஊறவைக்கும், கழுவும் தண்ணீரோடு மண்ணுக்குப் போகும். வாக்ஸ் கலந்த அண்டர்பாடி ஸ்ப்ரே கிடைக்கிறது, வருஷம் ஒருமுறை அடியுங்கள். தார் மாதிரிக் கறுப்புக் கோட்டிங் காய்ந்து வெடித்தால் அந்த வெடிப்புக்குள் தண்ணீர் தங்கும். அடித்துவிட்டு மறந்துவிடக் கூடாது. மீன் ஐஸ் உருகி வழிகிற தண்ணீரும் உப்புத்தான், மேலே தூத்துக்குடிக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும்.

தோவாளை, பூ லோடு: அண்ணா, வெள்ளை வண்டி. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் கறை பானெட்டில் இன்னும் இருக்கிறது. வாழைக்கன்று கட்டிய இடத்தில் கோடு கோடாகக் கீறல் வேறு. என்ன செய்வது?

பூஜை முடிந்த வாரம் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பாதி இதே கதைதான் தங்கச்சி. காய்ந்த சந்தனத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியைப் பத்து நிமிஷம் மேலே போட்டு வையுங்கள், ஊறி வழுக்கிக்கொண்டு வரும். மஞ்சள் கறை மட்டும் மிச்சமிருந்தால் கவலையில்லை, மஞ்சளின் நிறம் வெயில் பட்டால் சில நாளில் தானாக மங்கிவிடும். குங்குமம் வேறு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது பரவாயில்லை, கடையில் விற்கிற சாயக் குங்குமம் மங்காது. அதைக் கழுவிப் பார்த்துப் போகவில்லையென்றால் மெல்லிய பாலிஷ் ஒரு கை போடுங்கள்.

அடுத்த வருஷம் பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. வாழைக்கன்றை நைலான் கயிறால் கட்டினால் வண்டி ஓடும்போது மட்டை ஆடி ஆடித் தேய்க்கும், வாழைக்கறையும் இறங்கும். வாழைநாரால் பம்பரில் கட்டி, அடியில் பழைய துணி மடித்துக் கொடுங்கள். ஒரு ரவுண்டு போய் வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். பூசணிக்காய் உடைத்த தண்ணீர் பட்ட இடத்தை அன்றைக்கே கழுவிவிட வேண்டும்.

திருப்பூர், பனியன் லோடு: போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கிறது. கறுப்பு வண்டி, ரொம்ப அசிங்கமாகத் தெரிகிறது.

உப்புத்தண்ணீரில் இருக்கிற கால்சியம்தான் அது. வெயிலில் நிறுத்திக் கழுவி அப்படியே காயவிட்டால் தண்ணீர் ஆவியாகிப் புள்ளி நிற்கும். கழுவியதும் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். இருக்கிற புள்ளிக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, நிழலில், ஓரிரு நிமிஷம் துணியால் ஒற்றி வைத்துக் கழுவிவிடுங்கள். அதற்கும் போகாத புள்ளி பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது, பாலிஷ்தான். மொட்டை மாடித் தொட்டியில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

கோயம்புத்தூர், வி-கிராஸ் பிக்கப்: செராமிக் கோட்டிங், டெஃப்லான், பிபிஎஃப் என்று விலை விலையாகச் சொல்கிறார்கள். எது போடலாம்?

டெஃப்லானை விட்டுவிடுங்கள். அந்தப் பொருள் தகட்டில் பிடித்து நிற்க 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், வண்டிக்கு அதைக் கொடுக்க முடியுமா? அந்தப் பெயரில் போடுவது பெரும்பாலும் சாதாரண பாலிமர் பாலிஷ்தான். செராமிக் நல்லதுதான், தண்ணீர் நிற்காது, அழுக்கு எளிதாக வரும். ஆனால் அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான். கல் தெறித்தால் தாங்காது. தாங்கும் என்று சொல்லி விற்பவரிடம் போகாதீர்கள். கல்லுக்கு பிபிஎஃப்தான், 150 மைக்ரானுக்கு மேல் தடிமனுள்ள பிளாஸ்டிக் ஷீட். வண்டி முழுக்க ஒட்டிக் காசை அழிக்காமல், பானெட்டின் முன்விளிம்பு, பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற வளைவு, இரண்டு இடத்துக்கு மட்டும் ஒட்டுங்கள். கூடவே நல்ல மட் ஃப்ளாப்.

காசு செலவழிக்க வேண்டாமென்றால் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை சீலன்ட், அதாவது வாக்ஸ் மாதிரி மேலே தடவுகிற செயற்கைப் பூச்சு. கார்னுபா வாக்ஸ் அழகாக இருக்கும், ஆனால் நம்ம ஊர் வெயிலில் இரண்டு மாதம் தாண்டுவது கஷ்டம்.

அரியலூர், சிமென்ட் லோடு: ஒன்பது வருஷ வண்டி. வெள்ளை மங்கிவிட்டது, கை வைத்தால் மாவு மாதிரி ஒட்டுகிறது. எஃப்.சி. (தகுதிச் சான்று) வருகிறது. காம்பவுண்ட் (தேய்த்து மேல்தோலை எடுக்கிற பேஸ்ட்) போடலாமா, முழுசாகப் பெயிண்ட் அடித்துவிடலாமா?

எட்டு வருஷம் தாண்டிவிட்டால் வருஷா வருஷம் எஃப்.சி., அதற்காக ஒவ்வொரு முறையும் பெயிண்ட் அடிக்க முடியாது. முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். கறுப்புத் துணியில் கொஞ்சம் காம்பவுண்ட் தொட்டு ஓர் ஓரத்தில் தேயுங்கள். துணியில் வெள்ளை ஏறினால் உங்கள் வண்டியில் கிளியர் கோட் இல்லை, கலரே மேல் கோட்டு. லோடு வண்டி வெள்ளைகளில் இது சகஜம். அப்படியென்றால் நல்ல செய்தி. மாவாகிப் போன மேல்தோல்தான் ஒட்டுகிறது, காம்பவுண்டில் அதை எடுத்துவிட்டு வாக்ஸ் போட்டால் இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஓடும். மூலைகளிலும் மடிப்பு விளிம்புகளிலும் மெஷின் வைக்க விடாதீர்கள், பெயிண்ட் மெலிந்திருப்பது அங்கேதான். துணியில் ஒன்றும் ஏறாமல், வண்டியில் தேமல் மாதிரித் திட்டுத் திட்டாக உரிந்திருந்தால் கிளியர் கோட் போய்விட்டது. அதைப் பாலிஷ் போட்டுக் காப்பாற்ற முடியாது, அடிக்கத்தான் வேண்டும்.

அடிப்பதென்றால் என்ன பெயிண்ட் என்று கேட்டு முடிவு செய்யுங்கள். மலிவாகச் சொன்னால் சிந்தெடிக் எனாமலாக இருக்கும், ஓரிரு வருஷத்தில் மங்கிவிடும். ஹார்டனர் கலந்து அடிக்கிற பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட் கேளுங்கள். அடித்த பிறகு இரண்டு மாதம் வாக்ஸ் போடக் கூடாது, உள்ளேயிருக்கிற தின்னர் வெளியேறணும். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, கர்சீப் கட்டினால் தடுக்காது. வீட்டு வாசலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஸ்ப்ரே அடிக்கிற ஆளிடம் கொடுக்காதீர்கள். உங்கள் லோடுக்கு இன்னொன்று: சிமென்ட் தூள் மேல் பனியோ மழையோ பட்டால் காரம் இறங்கிப் பெயிண்டை அரிக்கும். இறுகும் முன் தாராளமாகத் தண்ணீர் விட்டு இறக்கிவிடுங்கள்.

தேனி, வாழைத்தார் லோடு: தார்பாய் கயிறு உரசி கேபின் பின்மூலையிலும் சைடு டோர் மேலேயும் தகடே தெரிகிறது. அடித்தாலும் மாதத்தில் போய்விடுகிறது.

கயிறு உரசுகிற இடத்தில் எந்தப் பெயிண்டும் நிற்காது. கயிற்றின் மேல் பழைய தோட்டத்து ஹோஸ் பைப்பைக் கீறிச் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த மூலைகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். தார்பாய் தளர்வாக இருந்தால் காற்றில் படபடவென்று அடித்துக் கூரையையும் தேய்க்கும், இழுத்துக் கட்டணும். தகடு தெரிகிற இடத்தை 400 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து, காயவைத்து, பிரைமர் வைத்துவிட்டு டச்சப் கலர் அடியுங்கள். கலர் நம்பர் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ தகட்டில் இருக்கும், கடையில் அதைச் சொன்னால் கலந்து தருவார்கள். வெறும் தகடு ஒரு மழையைப் பார்க்கும் முன் பிரைமராவது வைத்துவிடுங்கள், கலர் மெதுவாக வரட்டும்.

மதுரை: வெயிலில் நிறுத்துவதா, மரத்தடியில் நிறுத்துவதா?

வேப்பமரம் என்றால் மரத்தடி. தூங்குமூஞ்சி மரம் என்றால் வெயிலே மேல்; பூச்சிகள் உறிஞ்சிக் கழிக்கிற பிசுபிசுப்பு மேலே கொட்டி, வெயிலில் இறுகிவிடும். காக்காய் எச்சம் விழுந்தால் ராத்திரிக்குள் ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுத்துவிடுங்கள்.