வடக்கே ஒரு கச்சேரி வையுங்கள்

கேள்வி: டிசம்பரில் இரண்டு நாள் சென்னையில் தங்கப்போகிறேன். அந்த மாதம் நகரம் முழுக்கக் கச்சேரிதான் என்கிறார்கள். எந்த சபாவுக்குப் போகலாம்? எந்த கேன்டீனில் டிபன் நன்றாக இருக்கும்?
— வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: எந்த நகரம் முழுக்க? மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் என்று சொல்லுங்கள், நங்கநல்லூரையும் குரோம்பேட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ராயபுரம்? தண்டையார்பேட்டை? திருவொற்றியூர்? சீசன் பட்டியலில் இந்தப் பெயர்களை விரல் வைத்துத் தேட வேண்டும். சென்னையின் கடற்கரை மெரினாவில் தொடங்கி பெசன்ட் நகரில் முடிந்துவிடுகிறது என்று நம்புகிறவர்கள் எழுதுவதுதான் இந்த ‘நகரம் முழுக்க’.

இந்த ஊர் சங்கீதத்தின் பழைய விலாசமே வடக்குதான். மணலி என்றால் இன்று சுத்திகரிப்பு ஆலையும் டேங்கர் லாரியும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த மணலியில்தான் முதலியார் குடும்பம் சங்கீத வித்வான் ராமசாமி தீட்சிதரின் குடும்பத்தைக் குடிவைத்து ஆதரித்தது. கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தை அந்தப் பிள்ளைகள் கேட்க வழி செய்தவர் அந்த வீட்டு வேங்கடகிருஷ்ண முதலியார்தான். மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இளையவர் பாலுசாமி தீட்சிதர் வயலின் கற்றார். அதைக் கர்னாடக இசைக்குள் கொண்டுவந்த முன்னோடி அவர். இன்று வயலின் இல்லாமல் ஒரு வாய்ப்பாட்டு மேடை உண்டா? அந்த மணலிக்கு நாம் பதிலுக்கு என்ன கொடுத்தோம்?

தியாகராஜர் சென்னை வந்தபோது திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். அவற்றில் ஒன்றான ‘தாரினி தெலுசுகொண்டி’ சீசனில் எத்தனையோ மேடைகளில் ஒலிக்கிறது. பாடுகிறவர்கள் அந்த அம்மன் சந்நிதியில் நின்று ஒருமுறை பாடிவிட்டு வரட்டும் என்கிறேன். வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுனில்தான் வாழ்ந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் பெரிய வித்வான்களே அவர் வீட்டில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கேட்டார்கள். நாட்டியத்தில் பாலசரஸ்வதியும் பாட்டில் பிருந்தாவும் முக்தாவும் அவருடைய பேத்திகள். வக்கீல்களும் அதிகாரிகளும் தெற்கே வீடு கட்டிக்கொண்டு போனார்கள், சபாக்களும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டன. பாரிமுனையில் தமிழ் இசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம் மட்டும் அசையாமல் நிற்கிறது. அதற்காகவே அவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஒரு சபாச் செயலாளரிடம் இதைச் சொன்னேன். “அங்கே ரசிகர்கள் இல்லையே சார்” என்றார். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மகிழடி சேவைக்குத் திருவொற்றியூர் கோயிலில் திரளும் கூட்டத்தை அவர் பார்த்ததுண்டா? நாதஸ்வரத்துக்கு மேடையும் மைக்கும் இல்லாமலேயே ஜனங்கள் நின்று கேட்கிறார்கள். சபாக்களோ அதே வாத்தியத்தை மங்கள இசை என்று அழைப்பிதழின் முதல் வரியில் போட்டு, காலி நாற்காலிகளுக்கு முன்னால் அரைமணி நேரம் ஊதச் சொல்லி அனுப்பிவிடுகின்றன. இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்ப எழுதும் விஷயம் இது. முக்கியக் கச்சேரி நேரமான மாலை ஆறரை மணிக்கு நாதஸ்வரத்துக்கு இடம் கொடுக்கும் வரை எழுதுவேன்.

வடசென்னை என்றால் கானா மட்டும்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கானா பெரிய கலை. சாவு வீட்டில் விடிய விடியப் பாடி உயிரோடிருப்பவர்களைத் தாங்கிப் பிடிக்கும் பாட்டை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்குக் கானா, நமக்குக் கல்யாணி ராகம் என்று பாகம் பிரிக்க நாம் யார்? பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குப்பமான ஊரூர் ஆல்காட் குப்பத்தில் பறையாட்டத்தையும் கர்னாடக இசையையும் ஒரே விழாவில் வைத்துக் காட்டினார்கள். மீனவர்களும் வந்தார்கள், மாம்பலத்துக்காரர்களும் வந்தார்கள். காசிமேட்டில் அது ஏன் நடக்கக்கூடாது?

உங்கள் டிபனுக்கு வருகிறேன். சபா கேன்டீனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நீங்கள் சாயங்காலம் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே போங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ கடைகள் அங்கே இருக்கின்றன. கண் முன்னால் கையாலேயே நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுப் பிசைந்து தருவார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடியுங்கள். எண்ணெய்க்கு அதுதான் மருந்து.

தூரம் என்று இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது. 2021 முதல் மெட்ரோ விம்கோ நகர் வரை போகிறது. காலையில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கிக் கோயிலைப் பாருங்கள். திரும்பும்போது மண்ணடியில் இறங்கி ஜார்ஜ் டவுன் தெருக்களில் நடங்கள். அங்கிருந்து அத்தோவுக்கும் அதன் பிறகு அண்ணாமலை மன்றத்துக்கும் நடந்தே போய்விடலாம். சபாச் செயலாளர்களும் ஒருநாள் இதே ரயிலில் ஏறிப் பார்க்கட்டும். அடுத்த சீசன் பட்டியலில் ‘இடம்: திருவொற்றியூர்’ என்று ஒரு கச்சேரியை அச்சிடுங்கள் ஐயா, முதல் டிக்கெட்டுக்கு நான் பணம் கட்டுகிறேன்.