சம்பளம் இல்லாமல் சேரும் டெவலப்பர்களுக்கு என்ன கொடுப்பது நியாயம்?

நண்பர்கள் இருவர் சம்பளம் வாங்காமல் உங்கள் செயலியை எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார்கள். "பின்னால் பார்த்துச் செய்கிறேன்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அது போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. அந்த வார்த்தையை நம்பிப் பதினான்கு மாதம் வேலை செய்தவன் நான்.

என்னைச் சேர்த்துக்கொண்டவர், கோவை ஹோப் காலேஜ் பக்கம் ஒரு பேக்கரியில் தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே "உனக்கு ஐந்து சதவீதம்" என்றார். பகலில் வேறு வேலை, இரவு பத்து மணிக்கு மேல் அவருடைய வேலை. எதில் ஐந்து சதவீதம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்குக் கம்பெனியே பதிவாகியிருக்கவில்லை.

நீங்கள் இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் அதுதான் உங்களுக்கு நல்ல நேரம். ஒரு லட்ச ரூபாய் மூலதனத்தில், பத்து ரூபாய் மதிப்புள்ள 10,000 பங்குகளோடு பிரைவேட் லிமிடெட் தொடங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஐந்து சதவீதம் என்றால் 500 பங்கு, அதாவது 5,000 ரூபாய். நண்பர்கள் அந்தப் பணத்தைத் தங்கள் கையிலிருந்தே போட்டு முதல் நாளிலேயே பங்குதாரர்களாகிவிடலாம். அதே 500 பங்கை இரண்டு வருடம் கழித்து, ஒரு பங்கு 2,000 ரூபாய் என்று மதிப்பு ஏறிய பிறகு இலவசமாகக் கொடுத்தால், பத்து லட்சம் வருமானம் வந்ததாகக் கணக்காகும். கையில் காசு வராமலே வரி கட்டச் சொன்னால் எந்த நண்பன் உங்களை வாழ்த்துவான்?

உழைப்புக்கு ஈடாகப் பங்கு தர 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 54ஆவது பிரிவில் ஸ்வெட் ஈக்விட்டி என்ற வழி உண்டு. ஆனால் அதற்குச் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை எல்லாம் வேண்டும். அந்தப் பங்குகளை மூன்று வருடம் விற்கவும் முடியாது. முன்பே குறித்த விலையில் பிறகு பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தரும் ஈசாப் (ESOP) திட்டம், பின்னால் வரும் ஊழியர்களுக்கு ஏற்றது. இரண்டையும் உங்கள் ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள்.

ஆறே மாதத்தில் ஒருவர் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போய்விட்டால்? முழுப் பங்கையும் அவர் கொண்டுபோவது மற்றவர்களுக்கு அநியாயம். அதனால் நான்கு வருடத்தில் படிப்படியாகப் பங்கு உரிமையாகும், முதல் வருடம் முடியும்வரை எதுவும் உரிமையாகாது, இடையில் போகிறவர் மீதியை வாங்கிய விலைக்கே திருப்பித் தர வேண்டும் என்று எழுதிக்கொள்வது வழக்கம். இது உங்களுக்கும் பொருந்த வேண்டும். நிறுவனர் மட்டும் விதிவிலக்கு என்றால் நானாக இருந்தால் எழுந்து போய்விடுவேன்.

பங்கை மட்டும் நம்பச் சொல்லாதீர்கள்; அது முழங்கையில் தேனைத் தடவிவிட்டு நக்கச் சொல்வது போல. வெளியே மாதம் 60,000 வாங்கக்கூடியவர் பாதி நேரம் உழைத்தால் மாதம் 30,000, எட்டு மாதத்தில் 2,40,000 என்று ஒரு பேரேட்டில் ஏற்றுங்கள். எப்போது, எந்த வருமானத்திலிருந்து அதை அடைப்பீர்கள் என்பதையும் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். நட்புக்குள் கணக்கு எதற்கு என்பவர்கள் பெரும்பாலும் கொடுக்க வேண்டிய பக்கத்தில் இருப்பவர்களாகவே இருக்கிறார்கள்.

இவ்வளவு சொல்லியும் மனம் வரவில்லை என்றால் உங்கள் சுயநலத்துக்காகவாவது இதைக் கேளுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய நிரல் முதலாளிக்குச் சேரும். ஊழியராக இல்லாதவர் எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எழுதியவருக்கே சொந்தம். அதை மாற்றிக்கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். அந்தப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

என் விஷயத்தில் அந்த ஐந்து சதவீதம் வரவே இல்லை. நான் விலகி ஒரு வருடம் கழித்து முதலீட்டாளர் ஒருவர் வந்தார். நிரல் எழுதிய ஒவ்வொருவரிடமும் உரிமை மாற்றப் பத்திரம் வாங்கி வரச் சொன்னாராம் அவருடைய வழக்கறிஞர். அதே பேக்கரிக்கு, என்னைச் சேர்த்துக்கொண்ட அந்த நண்பர் ஒரு பிளாஸ்டிக் உறையில் காகிதங்களோடு வந்தார். "ஒரு கையெழுத்துதானே, பின்னால் பார்த்துச் செய்கிறேன்" என்றார். காசோலையைப் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.