கார் கேள்வி–பதில்: தண்ணீரில் நின்ற வண்டிக்குச் சாவி போடாதீர்கள்

மும்பையில் மழை பிடித்துக்கொண்ட பிறகு வந்த கடிதங்கள் இவை. சயான் பக்கத்துப் பட்டறைகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், எனக்கு நேரில் தெரிந்ததை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பரேலில் வேலை முடிந்து திரும்பும்போது ஹிந்த்மாதா அருகே தேங்கிய தண்ணீரில் என் கார் நின்றுவிட்டது. மூன்று முறை சாவியைத் திருப்பினேன். கடைசி முறை ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டு அடங்கிவிட்டது. இப்போது இன்ஜினையே பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். காப்பீட்டு நிறுவனமோ இன்ஜின் செலவைத் தர முடியாது என்கிறது. நான் செய்த தவறு என்ன?
— வாசகர், செம்பூர்

தண்ணீரில் இறக்கியதைக் காட்டிலும், நின்ற பிறகு சாவியைத் திருப்பியதுதான் பெரிய தவறாகியிருக்கக்கூடும் ஐயா. உங்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்க, முழங்கால் வரை தண்ணீர் ஏற, யாருக்கும் கை தானாகச் சாவிக்குத்தான் போகும்.

உள்ளே நடப்பது இதுதான். இன்ஜின் காற்றை இழுத்து, பிஸ்டனால் அழுத்தி, எரித்து ஓடுகிறது. காற்று அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. பல சிறிய கார்களில் காற்றை இழுக்கும் குழாயின் வாய், முன் விளக்குக்குப் பின்னால், நாம் நினைப்பதைவிடத் தாழ்வாகவே இருக்கிறது. எதிரே ஒரு பஸ் போனால் எழும் அலை போதும், அந்த வாய்க்குள் தண்ணீர் புகுந்துவிடும். மெதுவாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அப்படியே நின்றுபோனால், பெரும்பாலும் அதிகச் சேதமில்லாமல் தப்பிக்க வாய்ப்புண்டு. அதற்குப் பிறகு நாம் செல்ஃப் அடிக்கும்போது, சுருங்க மறுக்கும் தண்ணீருக்கு எதிராகப் பிஸ்டனை வலுக்கட்டாயமாகத் தள்ளுகிறோம். நடுவில் மாட்டிக்கொள்ளும் கனெக்டிங் ராடு, அதாவது பிஸ்டனைத் தாங்கி நிற்கும் இரும்புத் தண்டு, வளைந்துவிடுகிறது.

அப்படி வளைந்த ராடு ஒன்று என் மேசையில் இருக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தால் நேராகத்தான் தெரியும். கண்ணாடிப் பலகையின் மேல் கிடத்தி ஒரு முனையை விரலால் அழுத்தினால், மறுமுனை ஒரு தாள் நுழையும் அளவுக்கு எழும்பும். கண்ணுக்கே தெரியாத அந்த வளைவுதான் சிலிண்டர் சுவரைத் தேய்த்து, பேரிங்கைத் தின்று, கடைசியில் முழு இன்ஜினையும் பிரிக்க வைத்தது.

இனி ஒருமுறை இப்படி நேர்ந்தால், இக்னிஷனை அணைத்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, நாலு பேரை வைத்து மேட்டுக்குத் தள்ளுங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே போனால் வண்டியை விட்டுவிட்டு இறங்கி வந்துவிடுங்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த ஊர் இது, உயிரைவிட வண்டி பெரிதல்ல. மழை விட்ட பிறகு பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்து, கட்டி இழுக்காமல், வண்டியை முழுதாக ஏற்றிச் செல்லும் லாரியை வரவழையுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு இது இன்னும் முக்கியம்.

பட்டறையில் முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அது காய்ந்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, இன்ஜினை ஸ்பேனர் வைத்துக் கையாலேயே மெதுவாகச் சுழற்ற வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் பிளக் துளை வழியே வெளியேறும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சியை உருவிப் பாருங்கள். அதில் ஒட்டி வரும் ஆயில் பால் கலந்த டீயின் நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது என்று பொருள். அந்த ஆயிலோடு ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு, மறுபடியும் ஒருமுறை மாற்றுவது வீண்செலவு அல்ல.

காப்பீட்டைப் பொறுத்தவரை, முழுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பொருந்தும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை உரிமையாளரே கிளப்ப முயன்றதால் வந்த சேதத்தை ‘பின்விளைவு’ என்று தனியாகப் பிரித்து மறுப்பது வழக்கம். இதற்கென்றே ‘இன்ஜின் பாதுகாப்பு’ என்ற கூடுதல் காப்பீடு தனியாக விற்கப்படுகிறது. ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள், மிலன் சப்வே வழியாக வேலைக்குப் போய்வருபவர்கள், புதுப்பிக்கும் நாளில் அதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. அதிலும் நிபந்தனைகள் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தண்ணீரில் இறங்கலாம் என்று பலரும் கேட்கிறார்கள். முன்னால் போகும் காரின் சக்கரத்தைப் பாருங்கள். தண்ணீர் சக்கரத்தின் நடுமையத்தைத் தொட்டால் திரும்பிவிடுங்கள். அதற்குக் கீழே என்றால் முதல் கியரில், ஆக்ஸிலேட்டரை விடாமல், ஒரே சீராகக் கடந்து போய், மேடேறியதும் பிரேக்கை நாலைந்து முறை லேசாக மிதித்து உலர்த்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழை பெய்த மறுநாள் காலையில் சக்கரத்துக்குள் தெரியும் பிரேக் டிஸ்க் முழுவதும் துருப்பிடித்துச் செம்மண் நிறத்தில் இருக்கிறது. வண்டியை எடுத்ததும் கரகரவென்று சத்தம். டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?
— வாசகி, முலுண்டு

வேண்டாம் அம்மா. வார்ப்பிரும்பு ஓர் இரவு நனைந்தாலே மேல்தோலில் துரு படியும். நாலு முறை பிரேக் பிடித்தால் பேடே அதைத் துடைத்துவிடும். ஒரு கிலோமீட்டர் ஓடிய பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றாலோ, கீச்சென்று மெல்லிய விசில் போல் கேட்டாலோ, பேடு தேய்ந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கார் பெட்ரோல், சிஎன்ஜி இரண்டிலும் ஓடும். செலவைக் குறைக்க சிஎன்ஜியிலேயே ஓட்டுகிறேன். பெட்ரோல் முள் எப்போதும் அடியில்தான் கிடக்கும். இப்போதெல்லாம் காலையில் கிளம்ப அடம்பிடிக்கிறது. பேட்டரி புதிது.
— வாசகர், டோம்பிவிலி

நீங்கள் சிஎன்ஜியில் ஓட்டினாலும், உங்கள் வண்டி காலையில் பெட்ரோலில்தான் கிளம்பி, இன்ஜின் சூடான பிறகே சிஎன்ஜிக்கு மாறுகிறது. இந்த வகைக் கார்கள் பெரும்பாலும் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. டாங்கின் அடியில் மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோல் பழசாகி வீரியம் இழக்கும். அதைவிட முக்கியமானது, பெட்ரோல் பம்ப் டாங்குக்குள்ளேயே இருக்கிறது. தன்னைச் சுற்றியிருக்கும் பெட்ரோலால்தான் அது சூடு தணிகிறது. முள் அடியில் கிடக்கக் கிடக்க, பம்ப் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். சிஎன்ஜியில் மிச்சம் பிடித்த பணத்தை ஒரு பம்ப் மாற்றும் செலவு மொத்தமாக விழுங்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கால் டாங்க் பெட்ரோல் எப்போதும் இருக்கட்டும். தினமும் சில கிலோமீட்டராவது பெட்ரோலில் ஓட்டுங்கள்.

ஸ்பார்க் பிளக்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள். சிஎன்ஜியைப் பற்றவைக்கக் கூடுதல் மின்அழுத்தம் தேவைப்படுவதால் அவை விரைவில் தேய்கின்றன.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிக்கியில் இருக்கும் சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தத்தில் வாயு அடைக்கப்படுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் அழுத்தத்தில் தாங்குகிறதா என்ற சோதனை, செய்ய வேண்டும் என்பது விதி. அடுத்த சோதனைத் தேதி வண்டியில் ஒட்டப்பட்ட தகட்டில் இருக்கும். பங்கில் வாயு நிரப்ப மறுக்கும் நாள் வரை காத்திருக்காதீர்கள். வண்டிக்குள் வாயு நெடி அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், கதவுகளைத் திறந்துவிட்டு, சிலிண்டர் வால்வைக் கையால் மூடுங்கள். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே, பகல் வெளிச்சத்தில், ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழையில் முன் கண்ணாடி உட்புறம் மங்கிவிடுகிறது. துணியால் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது.
— வாசகர், மாட்டுங்கா

ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்து வெளிக்காற்றை வரவிடுங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். வெளிப்புறம் மங்கினால் கண்ணாடி அதிகம் குளிர்ந்துவிட்டது என்று பொருள்; ஏசியைச் சற்றுக் குறைத்து வைப்பரைப் போடுங்கள்.

கேள்வி: குடும்பத்தோடு ஐந்து பேர் காரிலேயே திருநெல்வேலிக்குப் போகிறோம். ஏழு வயதான கார், நகருக்குள்தான் ஓடியிருக்கிறது. கிளம்பும் முன் எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?
— வாசகர், தாராவி

ஊருக்குக் காரில் போக வேண்டும் என்ற ஆசை எனக்கும் புரிகிறது. அதனால் பதில் சற்று நீளும்.

முதலில் டயர். ஏழு ஆண்டுகளில் நகருக்குள் மட்டும் ஓடிய டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல்வரிகள்) நன்றாகவே இருக்கும், அதை நம்பிவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ரப்பர் ஓடாமலேயே முதுமையடையும். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால், ஐந்து பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை வெயிலில் மணிக்கணக்காக ஓட்ட அந்த டயர் தகுதியற்றது. காற்றை வண்டி குளிர்ந்திருக்கும் காலையிலேயே பிடியுங்கள். முழுப் பாரத்துக்கு எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளில் இருக்கும், அது தினசரி அளவைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஸ்டெப்னியை மறக்க வேண்டாம். அதில் காற்றில்லை என்பதைப் பெரும்பாலோர் நடுவழியில்தான் அறிகிறார்கள்.

அடுத்தது பிரேக் ஆயில். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாக உறிஞ்சிக்கொள்ளும். மும்பைக் கடற்காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. டாட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நகருக்குள் இது தெரியாது. தருமபுரியைத் தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது தெரியும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவி உண்டாகி, பெடல் பஞ்சு போல் அடிவரை இறங்கிவிடும். இரண்டு ஆண்டுகளாக மாற்றவில்லை என்றால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். இறக்கத்தில், அதே மேட்டை ஏற எந்தக் கியர் தேவைப்படுமோ அந்தக் கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டி பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், தயவுசெய்து அதை மும்பையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது கண்டாலா இறக்கத்துக்கும் இதே விதிதான்.

மூன்றாவது, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். வண்டி குளிர்ந்திருக்கும்போது பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். உள்ளே துருவும் உப்பும் படியும். வழியில் டெம்பரேச்சர் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரமான இடம் வந்ததும் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும்வரை கொதிக்காமலிருந்த தண்ணீர், மூடி தளர்ந்த கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். இருபத்திரண்டாவது வயதில், பூனா தாண்டி கம்பட்கி கணவாயில், முதலாளியின் வண்டியை அவசரப்பட்டுத் திறந்த எனக்கு வலது மணிக்கட்டில் இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது. அரை மணி நேரமாவது காத்திருந்து, மேல் ஹோஸ் குளிர்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, தடித்த துணியை மூடியின் மேல் போட்டுத் திறங்கள்.

டேஷ்போர்டில் சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் கூஜா போன்ற விளக்கு எரிந்தால், அடுத்த பங்க் வரை போய்விடலாம் என்று நினைக்கக் கூடாது. அந்த இடத்திலேயே ஓரங்கட்டி அணைக்க வேண்டும். ஆயில் அழுத்தமின்றி ஓடும் சில நிமிடங்களே இன்ஜினை அழித்துவிடும். மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு அப்படியல்ல. வண்டி சீராக ஓடினால் அடுத்த ஊர் வரை நிதானமாகப் போய்க் காட்டலாம், அது விட்டு விட்டு மினுக்கினால் மட்டும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: கட்டடத்தின் கீழே நிறுத்தும் காரில் எலி புகுந்து ஒயர்களைக் கடித்துவிடுகிறது. இது இரண்டாவது முறை. புகையிலை கட்டி வைக்கச் சொல்கிறார்கள். பலன் உண்டா?
— வாசகி, காட்கோபர்

மணம் இருக்கும் சில நாட்களுக்கு ஓரளவு பலன் இருக்கலாம். மழைக்காலத்தில் அதுவும் சீக்கிரம் போய்விடும். குப்பைத்தொட்டிக்கு அருகில் நிறுத்தாமலிருப்பதும், பிள்ளைகள் சிந்திய பிஸ்கட் தூளை அன்றன்றைக்கே துடைப்பதும், ஏசிக் காற்று நுழையும் வாயில் கம்பிவலை போடுவதும் அதைவிட நிலையான தடுப்பு. இரண்டு நாளுக்கு மேல் நின்ற வண்டி என்றால், கிளப்பும் முன் போனட்டைத் திறந்து பாருங்கள். இன்ஜின் மேல் புழுக்கையோ, பிய்த்துப் போட்ட பஞ்சோ கிடந்தால் எலி வந்திருக்கிறது. பெட்ரோல் வாசனை அடித்தால் சாவியைத் தொடவே வேண்டாம். எரிபொருள் ஹோஸையும் எலி கடிக்கும், செல்ஃபில் எழும் ஒரு பொறி வண்டியையே எரித்துவிடும்.

கடிபட்ட ஒயரை முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். அடுத்த மழையில் ஈரம் ஏறிப் பச்சை பூத்து, வேறெங்கோ கோளாறு காட்டும். சால்டரிங் செய்து, மேலே சூட்டில் சுருங்கும் உறை போடச் சொல்லுங்கள். எத்தனை ஒயர் அறுந்திருந்தது என்பதை, மூடுவதற்கு முன் உங்கள் போனிலேயே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு கோர நேர்ந்தால் அந்தப் படம் கைகொடுக்கும்.